ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஸ்பிரிங் எங்கே?

உங்களுக்கு ஒரு கேள்வி. கூகுள் பண்ணாம பதில் சொல்லணும்.

பைக்குக்குப் பின்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பர் இருக்கு. காருக்கு காயில் ஸ்பிரிங். லாரிக்கு அடுக்கடுக்கா லீஃப் ஸ்பிரிங். ரயில் பெட்டிக்கும் உண்டு. அந்தக் காலத்து மாட்டு வண்டியிலேயே பட்டை வில் வச்சதுக்கு வில்வண்டின்னு தனிப் பெயர் இருந்தது. அப்படின்னா, ரெண்டரை டன் சரக்கைத் தூக்கிக்கிட்டு குடோனுக்குள்ள நாள் முழுக்க முன்னாடியும் பின்னாடியும் ஓடுற ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஸ்பிரிங் எங்க இருக்கு?

எங்க கிளாஸ்ல கேட்டுப் பார்த்தேன். "லாரி மாதிரி லீஃப் ஸ்பிரிங்தான்" என்றான் ஒருத்தன். "எல்லாமே ஹைட்ராலிக் ஆச்சே, அதுக்குள்ளயே ஏதாவது இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு குரல்: "இது எந்த யூனிட்ல வருது?"

எந்த யூனிட்லயும் வராது. பதிலும் ரொம்பச் சின்னது. சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டில் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஸ்பிரிங்கே கிடையாது. முன் ஆக்ஸில் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பின் ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு பின்னில் மாட்டி, சீசா மாதிரி இடது வலதாக மட்டும் ஆடும். அவ்வளவுதான்.

இதை நான் ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, எங்கப்பா ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர். மாதவரம் பக்கம் ஒரு குடோன்ல 16 வருஷமா அதே வேலை. நான் படிச்ச இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் ஃபீஸ், இப்போ கட்டுற செமஸ்டர் ஃபீஸ், ஹாஸ்டல் மெஸ் பில், எல்லாமே அந்த சீட்ல உட்கார்ந்து சம்பாதிச்சது. ரெண்டு மூணு வருஷமா அப்பாவால தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட முடியல. பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து, தட்டை மடியில வச்சு சாப்பிடுவாரு. கேட்டா "வயசாகுதுல்ல பாப்பா" என்பாரு. அவருக்கு 47 வயசு.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். டெக்னிக்கல் விஷயத்தைத் தமிழ்ல எழுதறது எனக்கு இதுதான் முதல் தடவை. சஸ்பென்ஷனுக்கு நல்ல தமிழ் வார்த்தை தேடி அரை நாள் போச்சு. கடைசியில சஸ்பென்ஷன்னே எழுதறதா முடிவு பண்ணிட்டேன். அப்பாவும் குடோன்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

சரி, ஏன் ஸ்பிரிங் வைக்கலை? காசு மிச்சம் பிடிக்கவா? முதல்ல நானும் அப்படித்தான் ஏதாவது இருக்கும்னு நினைச்சு கால்குலேட்டரை எடுத்தேன். கணக்கு வேற மாதிரி சொல்லிச்சு. நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க.

ரெண்டரை டன் தூக்குற வண்டியோட சொந்த எடை 3.8 டன்னு வச்சுக்குவோம். பின்னாடி பெரிய இரும்பு எதிர் எடை இருக்கிறதால, காலியா நிக்கும்போது பாதிக்கு மேல எடை பின் ஆக்ஸில்ல இருக்கும். முன் ஆக்ஸில்ல 1.6 டன்னு எடுத்துக்கலாம். இப்போ முழு லோடு ஏத்துறோம். மொத்தம் 6.3 டன். அதுல முன் ஆக்ஸில் மட்டும் 5.6 டன் வரைக்கும் தாங்கும். ஏன்னா லோடு முன் சக்கரத்துக்கும் முன்னாடி தொங்குது, முன் சக்கரம்தான் தராசுக் கம்பியோட நடு முள். அதாவது லோடு ஏறினதும் முன் ஆக்ஸில் எடை மூன்றரை மடங்கு.

கார்ல இருக்கிற மாதிரி ஒரு மெத்தென்ற ஸ்பிரிங்கை அங்க வைப்போம். நேச்சுரல் ஃப்ரீக்வென்சி 1.5 ஹெர்ட்ஸ். அதுக்கு ஸ்டாட்டிக் டிஃப்ளெக்‌ஷன் எவ்வளவு வரணும்? ஃபார்முலா நமக்குத் தெரியும். சுமார் 11 செ.மீ. காலி வண்டிக்கே 11 செ.மீ. அமுங்குற ஸ்பிரிங், மூன்றரை மடங்கு எடைக்கு 38 செ.மீ.க்கு மேல அமுங்கும். அதாவது பேலட்டுக்கு அடியில ஃபோர்க்கை நுழைச்சுத் தூக்க ஆரம்பிச்சதும், லோடு மேல போறதுக்கு முன்னாடி வண்டியோட மூக்கு 27 செ.மீ. கீழ போகும். "அப்போ கெட்டியான ஸ்பிரிங் வை" என்பீங்க. முழு லோடுக்கு ஏத்த மாதிரி கெட்டியா வச்சா, காலியா ஓடும்போது அது ஸ்பிரிங்காவே வேலை செய்யாது. ஃபோர்க்லிஃப்ட் பாதி நேரம் காலியாத்தானே ஓடுது? ஒரு லோடை வச்சிட்டு அடுத்ததை எடுக்கப் போறப்ப எல்லாம் காலிதான்.

இது முதல் காரணம். ரெண்டாவது உயரம். ஒரு கார் வளைவில் திரும்பும்போது உடம்பு 3 டிகிரி சாயுதுன்னு வச்சுக்குங்க. உள்ளே இருக்கிறவருக்கு அது பெரிசாத் தெரியாது. அதே 3 டிகிரி, மாஸ்ட்டை 4.5 மீட்டருக்கு உயர்த்தி வச்சிருக்கிற ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வந்தா? மேல இருக்கிற பேலட் 23 செ.மீ. பக்கவாட்டில் நகரும். அங்க பேலட்டுக்கும் ரேக்கோட தூணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியே சில விரற்கடைதான். லோடு சாய்ஞ்சா ஒரு பக்க ஸ்பிரிங் இன்னும் அமுங்கும், அது அமுங்கினா லோடு இன்னும் சாயும். இது எங்க போய் முடியும்னு சொல்லத் தேவையில்லை.

மூணாவது பிரேக். பிரேக் பிடிச்சதும் கார் மூக்கைக் குத்துமே, அது ஃபோர்க்லிஃப்ட்ல நடந்தா ஃபோர்க் நுனி கீழ சாயும், லோடு வழுக்கும். வண்டியே முன்பக்கமா கவிழவும் செய்யும்.

அப்பாகிட்ட இதெல்லாம் நோட்டுல போட்டுக் காட்டினேன். கணக்கைப் பார்க்கவே இல்லை. "ஸ்பிரிங் வச்ச வண்டியைக் குடுத்தா நான் ஏறவே மாட்டேன் பாப்பா. மூணாவது ரேக்ல வைக்கிறப்ப வண்டி மூச்சு விட்டாக் கூட மேல தெரியும்" என்றாரு. ஒன்றரைப் பக்கக் கணக்கு, ஒரு வரியில முடிஞ்சது.

அப்போ மேடு பள்ளத்துல நாலு சக்கரமும் எப்படித் தரையைத் தொடும்? இதுக்குத்தான் அந்தப் பின் ஆக்ஸில் பின். நம்ம வீட்டு நாற்காலி சமமில்லாத தரையில ஆடும், ஒரு கால் தூக்கிக்கும். முக்காலி எங்க போட்டாலும் ஆடாது. ஃபோர்க்லிஃப்ட் பார்க்க நாற்காலி, வேலை செய்யறது முக்காலி. முன் சக்கரங்கள் ரெண்டும் ரெண்டு கால். பின் ஆக்ஸிலோட நடுப் பின் மூணாவது கால். இந்த மூணு புள்ளியையும் சேர்த்தால் வரும் முக்கோணத்துக்கு ஸ்டெபிலிட்டி ட்ரையாங்கிள் என்று பெயர். வண்டியும் லோடும் சேர்ந்த சென்டர் ஆஃப் கிராவிட்டி அந்த முக்கோணத்துக்கு உள்ளே விழற வரைக்கும் வண்டி நிக்கும். வெளியே போனா கவிழும்.

இதுல ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்துச்சு. லோடு இல்லாத வண்டி பக்கவாட்டில் கவிழறது சுலபம். ஏன்னா லோடு இல்லாதப்ப சென்டர் ஆஃப் கிராவிட்டி பின்னாடி, அந்தப் பின்னுக்குப் பக்கத்துல போயிடும். முக்கோணம் அங்க குறுகிக்கிட்டே போகுது. காலி வண்டிதானேன்னு வேகமா ஒடிச்சா, கொஞ்சம் பக்கவாட்டு விசையே போதும். முக்காலி ஆடாது, ஆனா நாற்காலியை விடச் சீக்கிரம் சாயும். ரெண்டும் உண்மை.

1990களின் கடைசியில் டொயோட்டா இதுக்கு ஒரு வழி கொண்டு வந்தாங்க. பின் ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். வண்டி ஆபத்தான நிலையில் திரும்புதுன்னு சென்சார் சொன்னா, சிலிண்டர் பூட்டிக்கும், பின் ஆக்ஸில் ஆடறது நின்னுடும். அந்த நேரத்துக்கு முக்காலி நாற்காலி ஆயிடும், நிற்கிற அடித்தளம் அகலமாகும். பெரிய ஆல் டெர்ரெய்ன் கிரேன்லயும் இதே யோசனையைப் பார்க்கலாம். ரோட்டில் ஓடும்போது ஹைட்ரோ நியூமாட்டிக் சஸ்பென்ஷன் வேலை செய்யும். லோடு தூக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் கால்களை விரிச்சு ஊன்றி, டயரையே தரையிலிருந்து தூக்கிடுவாங்க. தூக்கும்போது சஸ்பென்ஷன் கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்துதான். கிரேனுக்கு ஓடற நேரம் வேற, தூக்கற நேரம் வேற. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணு. அதனால அதுக்கு எப்பவுமே சஸ்பென்ஷன் இல்லை.

இது வரைக்கும் நல்ல இன்ஜினியரிங். இனிமேல்தான் என் கேள்வி.

தரையில ஒரு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இருக்கு. கான்கிரீட் பலகைகளுக்கு நடுவில் விட்ட இடைவெளி, ஓரம் உடைஞ்சு ஒரு செ.மீ. பள்ளமா ஆயிருக்கு. லாரிக்குள்ள ஏறும்போது டாக் பிளேட் ஒரு படி மாதிரி இருக்கு. வண்டி அது மேல ஏறும்போது ஒரு அடி விழுது. காரா இருந்தா அந்த அடியை ஸ்பிரிங் வாங்கிக்கும், ஷாக் அப்சார்பர் சூடாக்கி வெளியே விடும். இங்க அது ரெண்டும் இல்லை. அப்போ அந்த அடி எங்க போகும்?

முதல்ல டயர். குடோன் வண்டிகளுக்குப் பெரும்பாலும் சாலிட் டயர். உள்ள காத்து கிடையாது, முழு ரப்பர். ஆணி குத்தினாலும் பஞ்சர் ஆகாது, லோடோட நிக்கும்போது ஒரு பக்கம் இறங்காது. ஆனா காத்து டயர் அளவுக்கு அடியை வாங்காது. தேயத் தேய ரப்பரோட கனம் குறையும், இன்னும் கல்லாகும். சில டயர்ல எந்த அளவுக்குத் தேய்ஞ்சா மாத்தணும்னு பக்கத்துல கோடே இருக்கும். அடுத்த தடவை பார்த்தா அந்தக் கோட்டைத் தேடுங்க. கோட்டுக்குக் கீழ தேய்ஞ்ச டயரோட ஓடற வண்டி நம்ம ஊர்ல நிறைய.

ரெண்டாவது தரை. நல்லா யோசிச்சா, ஸ்பிரிங் இல்லாத வண்டிக்குத் தரைதான் சஸ்பென்ஷனோட முதல் பாகம். ரொம்ப உயரமான ரேக்குகள் இருக்கிற கிடங்குகளில் தரையோட சமதளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து போடறதுக்குக் காரணமே இதுதான். ஒரு மீட்டர் அகலத்துல இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம் இருந்தா, 4.5 மீட்டர் உயரத்துல பேலட் 4.5 செ.மீ. விலகி நிக்கும். தரையைச் சரி பண்றவர் சிவில் டிபார்ட்மென்ட். அவருக்கு தான் ஒரு வண்டியோட சஸ்பென்ஷனை ரிப்பேர் பண்றோம்னு தெரியுமா?

மூணாவது சீட். நாலாவது, சீட்ல உட்கார்ந்திருக்கிற ஆள்.

சீட்டைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும். டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரில நாம படிச்ச வைப்ரேஷன் ஐசொலேஷன் ஞாபகம் இருக்கா? ரெண்டு மார்க் கேள்வியா வருமே, ட்ரான்ஸ்மிஸிபிலிட்டி எப்போ ஒண்ணுக்குக் கீழ வரும்னு? வர்ற ஃப்ரீக்வென்சி, நேச்சுரல் ஃப்ரீக்வென்சியைப் போல √2 மடங்குக்கு மேல போனாத்தான். அதுக்குக் கீழ இருந்தா ஸ்பிரிங் அதிர்வைக் குறைக்காது, கூட்டும். நாம மனப்பாடம் பண்ணி எழுதின அந்த வரி, எங்கப்பா முதுகைப் பத்தினது.

உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு மேலும் கீழுமா வர்ற அதிர்வில் எது ரொம்பப் பாதிக்கும்? ஐ.எஸ்.ஓ. 2631 என்ற தரநிலை இதுக்கு ஒரு வெயிட்டிங் கர்வ் தருது. அதுல சுமார் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதிக மதிப்பு. நம்ம முதுகுத்தண்டும் வயித்துப் பகுதியும் 5 ஹெர்ட்ஸை ஒட்டி ரெசொனன்ஸ் ஆகுது. சாலிட் டயர் மேல குதிக்கிற ஒரு கனமான இரும்பு வண்டியும் அதே பக்கத்துல அதிரும். ரெண்டும் நல்லா ஒத்துப் போகுது, நமக்குக் கெட்ட நேரம்.

இப்போ சீட்டுக்கு அடியில ஒரு நல்ல ஸ்பிரிங்கும் டேம்பரும் இருக்குன்னு வச்சுக்குவோம். நேச்சுரல் ஃப்ரீக்வென்சி 2 ஹெர்ட்ஸ், டேம்பிங் ரேஷியோ 0.3. கீழிருந்து 5 ஹெர்ட்ஸ் வந்தா, கணக்குப்படி மூணுல ஒரு பங்குதான் ஆள்கிட்ட போய்ச் சேரும். அருமை. ஆனா அந்த சீட்ல ஒரு குமிழ் இருக்கும், அல்லது ஒரு லீவர். பக்கத்துல கிலோ கணக்கு எழுதியிருக்கும், 50ல இருந்து 120, 130 வரைக்கும். உட்காரும் ஆள் தன் எடைக்கு அதைத் திருப்பி வைக்கணும். ஏன்னா சீட் மேலும் கீழும் போக இருக்கிற இடமே சில செ.மீ.தான். 60 கிலோவுக்கு வச்ச சீட்ல 90 கிலோ ஆள் உட்கார்ந்தா, சீட் அடிமட்டத்துல போய் உட்கார்ந்துடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரும்பும் இரும்பும் மோதும். அந்த அடி, ஸ்பிரிங்கே இல்லாத சீட்டை விட மோசமா இருக்கும். 90க்கு வச்சதுல 60 கிலோ ஆள் உட்கார்ந்தா, சீட் உச்சியிலேயே நின்னுக்கும், அசையவே அசையாது.

ஆறாவது செமஸ்டர் லீவுல ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரில இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனேன். மூணு ஷிஃப்ட், ஒரே வண்டி, மூணு ஆபரேட்டர். ஒரு அண்ணன் ஒல்லி, அடுத்து வர்ற அண்ணன் அவரைப் போல ஒன்றரை ஆள். பத்து நாள்ல ஒரு தடவை கூட அந்தக் குமிழை யாரும் தொட்டு நான் பார்க்கலை. கேட்டதுக்கு அந்த ஒல்லி அண்ணன், "அதுவா? சீட் கழட்டற நட்டுன்னு நினைச்சேன்மா" என்றாரு. அவருக்கு லைசென்ஸ் இருக்கு, ட்ரெய்னிங் சர்ட்டிஃபிகேட் இருக்கு. கவிழாம ஓட்டறது எப்படின்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. குமிழைப் பத்தி யாரும் சொல்லலை. அன்னைக்கு அவரோட எடைக்குத் திருப்பி வச்சோம். ஒரு ரவுண்ட் போயிட்டு வந்து, "ஏய், இது வேற வண்டி மாதிரி இருக்கே" என்றாரு.

அந்த வாரக் கடைசில வீட்டுக்கு வந்து முதல் வேலையா அப்பாகிட்ட இதைக் கேட்டேன். அப்பாவுக்குக் குமிழ் தெரியும். அது துருப்பிடிச்சு இறுகி நாலு வருஷம் ஆகுதாம். சீட்டுக்கு அடியில இருக்கிற டேம்பர்ல எண்ணெய் ஒழுகி எப்பவோ காலி. ரெக்சின் கிழிஞ்சு உள்ள ஸ்பாஞ்ச் வெளிய வந்துடுச்சு. அதனால அம்மா ஒரு பழைய தலையணையை வெட்டித் தைச்சுக் கொடுத்திருக்காங்க. அப்பா தினமும் அதை டிஃபன் பாக்ஸோட சேர்த்து எடுத்துட்டுப் போவாரு. நான் சின்ன வயசுல இருந்து பார்க்கிற தலையணை அது. உறை மட்டும் மாறும்.

அந்தத் தலையணையைப் பத்தித்தான் எனக்குத் தூக்கம் வரலை. சாதாரண ஸ்பாஞ்ச் சீட்ல உட்கார்ந்த ஆளோட ரெசொனன்ஸ் 4 ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும். டேம்பிங் ரேஷியோ 0.2ன்னு எடுத்துக்கிட்டு, 5 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு அதே ஃபார்முலாவைப் போடுங்க. விடை 1.5. அதாவது கீழ இருந்து வர்றதை விட ஒன்றரை மடங்கு மேல போகுது. உட்கார மெத்துன்னு இருக்கும், கைக்கு இதமா இருக்கும், ஆனா எந்த அதிர்வு முதுகுக்கு ஆகாதோ அதையே பெரிசாக்கி அனுப்பும். இது ஒரு எளிமையான மாடல், நிஜத் தலையணை கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஆனா அம்மா கையால தைச்சது ஸ்பிரிங்கோட வேலையைச் செய்யாது என்கிறது மட்டும் நிச்சயம். இதை அம்மாகிட்ட நான் சொல்லலை. இதைப் படிச்சா தெரிஞ்சுக்குவாங்க.

அப்பாவோட முதுகுவலிக்கு இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டாரு. முன்னாடி பெரிய லோடு இருந்தா வழி மறைக்கும், அதனால பாதி நேரம் கழுத்தையும் இடுப்பையும் திருப்பிப் பின்னாடி பார்த்துக்கிட்டே ரிவர்ஸ்ல ஓட்டணும். எட்டு மணி நேரம் உட்காரணும். நடுநடுவில் இறங்கிப் பெட்டியைத் தூக்கணும். எல்லாம் சேர்ந்துதான். ஆனா உடம்பு முழுக்க வர்ற அதிர்வுக்கும் கீழ் முதுகு வலிக்கும் தொடர்பு உண்டு என்பது தொழில் மருத்துவத்தில் ரொம்ப நாளாப் பேசப்படற விஷயம். அதனாலதான் ஐரோப்பிய யூனியன் 2002ல் இதுக்குன்னே ஒரு உத்தரவு போட்டுச்சு. எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்ட அதிர்வு 0.5 மீ/வி² தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும். 1.15 மீ/வி² தாண்டவே கூடாது. நேரமும் இதுல சேரும். வண்டி ஓடும்போது சராசரியா 0.8 வருதுன்னு வச்சுக்கிட்டா, தினமும் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஓட்டினாலே முதல் எல்லையைத் தொட்டாச்சு.

குடோன்ல சீட் மாத்தச் சொல்லி அப்பா சூப்பர்வைசர்கிட்ட மூணு தடவை கேட்டிருக்காரு. முதல் தடவை "பார்க்கலாம்". ரெண்டாவது தடவை "வண்டி கான்ட்ராக்டர் வண்டி, அவங்ககிட்ட கேளு". மூணாவது தடவை "ஓடுதுல்ல?" ஓடுது. பிரேக் பிடிக்கலைன்னா அன்னைக்கே வண்டியை நிறுத்திடுவாங்க. செயின் தளர்ந்தா நிறுத்திடுவாங்க. சீட் போனா நிறுத்த மாட்டாங்க. ஏன்னா சீட்டை எல்லாரும் வசதின்னு நினைக்கிறாங்க, ஃபேன் மாதிரி, வாட்டர் கேன் மாதிரி.

நான் சொல்ல வந்தது இங்கதான் இருக்கு. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு சஸ்பென்ஷன் வேண்டாம்னு எடுத்த முடிவு சரி. அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனா அந்த முடிவை எடுத்த நிமிஷத்துலயே டயரும் தரையும் சீட்டும் சஸ்பென்ஷன் ஆயிடுச்சு. அதுல எது தேய்ஞ்சாலும், எது உடைஞ்சாலும், அந்தப் பங்கு அடுத்ததுக்குப் போகும். டயர் கல்லானா சீட்டுக்கு. சீட் செத்துப் போனா ஆளுக்கு. ஆளுக்கு அப்புறம் யாரும் இல்லை. அதனால செக்லிஸ்ட்ல பிரேக், ஹார்ன், ஆயில் லெவல் இருக்கிற அதே பக்கத்துல சீட்டும் இருக்கணும். இந்த செக்லிஸ்ட்டை எழுதப் போறவங்க யாரு? மெயின்டெனன்ஸ்லயும் பர்ச்சேஸ்லயும் சேஃப்டிலயும் வேலைக்குச் சேரப் போற நாமதான்.

பெரிசா செலவும் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது குமிழைத் திருப்ப அரை நிமிஷம். உடைஞ்ச ஜாயின்ட்டை அடைக்க ஒரு ஞாயித்துக்கிழமை. ஜாயின்ட் மேல போறப்ப வேகத்தைக் குறைக்க ஒண்ணுமே ஆகாது, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை லோடுன்னு துரத்தாம இருந்தா. இன்னும் மேல போகணும்னா, ஆபரேட்டர் உட்கார்ற கேபினையே ரப்பர் மவுண்ட் மேல தனியா நிறுத்தற வண்டிகளும் இப்போ வருது. சட்டம் அசையாது, மாஸ்ட் அசையாது, ஆள் மட்டும் கொஞ்சம் மிதப்பாரு. ஸ்பிரிங் வைக்கக் கூடாத வண்டியில எங்க வைக்கலாம்னு யாரோ யோசிச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் சீட்லதான். உட்கார்ந்த ஆளோட எடைக்கு சீட் செட் ஆகலைன்னா டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியணும், அவ்வளவுதான். "இவ்வளவு சிம்பிளாவா?" என்று ரிவ்யூவில் கேட்டாங்க. ஆமா சார், இவ்வளவு சிம்பிளா.

போன மாசம் அப்பாவுக்காக ஒரு லெட்டர் எழுதினேன், கான்ட்ராக்டருக்கு ஒண்ணு, குடோன் மேனேஜருக்கு ஒரு காப்பி. முதல்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணிக் காட்டினேன். "தமிழ்ல எழுது பாப்பா, நான் முழுசாப் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றாரு. சஸ்பென்ஷன், டேம்பர், 0.5 எல்லாம் போட்டு ஒரு பக்கம் எழுதினேன். அப்பா படிச்சிட்டு ரெண்டு திருத்தம் சொன்னாரு. ஒண்ணு, "எனக்கு" என்று இருந்த இடத்துல எல்லாம் "எங்கள் ஏழு பேருக்கும்" என்று மாத்தச் சொன்னாரு. அங்க மொத்தம் ஏழு ஆபரேட்டர். இன்னொண்ணு, முதுகுவலின்னு எழுதின வரியை எடுக்கச் சொன்னாரு. வலின்னு எழுதினா வேலைக்கு லாயக்கில்லைன்னு ஆக்கிடுவாங்களாம். நான் எடுத்துட்டேன். ஏழு கையெழுத்தோட லெட்டர் போயிருக்கு. இன்னும் பதில் வரலை.

அடுத்த மாசம் நம்ம டிபார்ட்மென்ட்ல ஐ.வி. இருக்கு. எல்லாரும் ரோபோவையும் சி.என்.சி.யையும் போட்டோ எடுப்பீங்க, நானும் எடுப்பேன். அதோட ஒரு ஃபோர்க்லிஃப்ட் நின்னா, ஆபரேட்டர் அண்ணன்கிட்ட அனுமதி கேட்டுட்டு நாலு விஷயம் பாருங்க. டயர் கோட்டுக்கு மேல இருக்கா? அது ஓடற வழியில ஜாயின்ட் உடைஞ்சிருக்கா? சீட்டுக்குக் கீழ டேம்பர்ல எண்ணெய்க் கசிவு இருக்கா? குமிழ் திரும்புதா? திரும்பினா, அவரோட எடை எவ்வளவுன்னு கேட்டு, அதுக்குத் திருப்பி வச்சிட்டு வாங்க. ஏன்னு கேப்பாரு. சொல்லுங்க.